மூக்குத்தியைக் கழட்டச் சொன்னவள்

ஜொகூர் மாநிலச் சிறுமியர் காற்பந்துப் போட்டியில், அரையிறுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு குழுப் பெண்களையும் வரிசையாக நிறுத்திச் சோதித்துக்கொண்டு வந்த நடுவர் ஷர்மினி, சாஆ ஊர்க் குழுவின் ஒன்பதாம் எண் சட்டைக்காரியின் முன்னால் நின்றுவிட்டாள். பதின்மூன்று வயதுப் பெண். மூக்கின் வலப்பக்கத்தில் தோல் நிறத்தில் ஒரு துண்டு பிளாஸ்டர்.

“பேரு என்னம்மா?”

“லோஷினி.”

“மூக்குல என்ன, அடிபட்டுச்சா?”

லோஷினி திடலின் ஓரத்தில் கூடாரத்தடியில் நின்ற தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, “மூக்குத்திக்கா” என்றாள்.

“கழட்டிட்டு வா.”

“முடியாதுக்கா. குத்தி இன்னும் ஒரு மாசங்கூட ஆவல. கழட்டுனா ஓட்ட மூடிக்கும். முந்தின ஆட்டத்துலல்லாம் இப்படி ஒட்டிக்கிட்டுதான் ஆடுனேன். ரூபேந்திரன் சார் ஒன்னுமே சொல்லல.”

“நகை போட்டு ஆடக் கூடாதும்மா. பிளாஸ்டர் ஒட்டி மறைச்சாலும் கூடாது. எல்லாருக்கும் அதேதான்.”

எல்லாருக்கும் என்று அவள் சொன்னது வாய் வார்த்தையில்லை. சற்று முன்தான் பொந்தியான் குழுவின் ருமானா தலைத்துணியில் குத்தியிருந்த ஊக்கை எடுக்கச் சொல்லியிருந்தாள். இன்னொருத்தியின் கையில் இருந்த ரப்பர் வளையத்தைக் கத்தரிக்கோலால் வெட்டவும் செய்திருந்தாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சொன்னபடி செய்தார்கள்.

லோஷினி வரிசையை விட்டு நகர்ந்து அப்பாவிடம் போனாள். அடுத்த நிமிடமே தங்கராஜு திடலுக்குள் வந்துவிட்டார். சாஆவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். குழுவின் நிர்வாகியும் அவர்தான். பிள்ளைகளைத் தன் செலவில் வேன் பிடித்து, போட்டி நடக்கும் ரெங்கம் வரைக்கும் அழைத்து வந்திருந்தார்.

“என்னா தங்கச்சி, என்னா பிரச்சன?”

“பிரச்சன ஒன்னும் இல்லண்ணே. மூக்குத்திய கழட்டிட்டா ஆடலாம்.”

“அது கழட்டுற மூக்குத்தி இல்ல. சடங்குக்கு தாய்மாமன் குத்துனது. நீயும் தமிழ்ப் பொண்ணுதான? உனக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?”

“தெரியும்ணே. ஆனா கழட்டாம உள்ள விட முடியாது.”

“இவ ஆடலன்னா எங்ககிட்ட வேற ஸ்ட்ரைக்கரே இல்ல, தெரியுமா?”

“அத நான் பாக்க முடியாதுண்ணே.”

தங்கராஜுவின் முகம் கறுத்தது. ஷர்மினிக்குத் தெரியாத ஒன்று அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தது. தங்கராஜுவின் மச்சான் ஜெயபாலன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சாவு வீட்டில் தொடங்கிய வாய்ச்சண்டையில் தங்கச்சி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று போனவர். மருமகள் வயதுக்கு வந்த செய்தி கேட்டு மனம் இளகி, சீர்த்தட்டுகளோடு வந்து, வைர மூக்குத்தியைத் தன் கையால் கொடுத்துக் குத்த வைத்தார். அந்த உறவு ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. மருமகள் ஆடுவதைப் பார்க்க அன்று காலையிலேயே எல்லை தாண்டி வந்து, கூடாரத்தடியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணெதிரே அந்த மூக்குத்தியைக் கழட்டச் சொல்வதா?

சத்தம் கேட்டுப் போட்டியின் தலைமை நடுவர் ரூபேந்திரன் வந்தார். முந்தைய ஆட்டங்களில் பிளாஸ்டரைக் கண்டும் காணாமல் விட்டவர் அவர்தான். ஷர்மினியைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போனார்.

“விடுலா ஷர்மினி. கடுகு அளவு கல்லு. அதுக்குப் போய் ஆட்டத்தக் கெடுப்பியா?”

“கடுகு அளவுதான் சார். பந்து மூஞ்சில பட்டா அதுதான் உள்ள ஏறும்.”

“நான் விட்டப்ப ஒன்னும் ஆவலயே.”

“அது உங்க ஆட்டம் சார். இது என் ஆட்டம்.”

குளுவாங்கில் ஒரு போட்டியில் ஷர்மினி கோட்டு நடுவராகக் கொடி பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமியின் காது வளையத்தில் எதிராளியின் விரல் மாட்டிச் சோணை இரண்டாகக் கிழிந்ததைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் அம்மா நடுவரைத்தான் கேட்டாள், “ஏன் விட்டீங்க?” என்று. ரூபேந்திரனிடம் அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னாலும் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

“சரி. உன் இஷ்டம்” என்றார் அவர். “நாளைக்கு என்கிட்ட வந்து அழுவாத.”

லோஷினி வெளியே உட்கார, சாஆ குழு மாற்று ஆட்டக்காரியோடு இறங்கியது. ஷர்மினி விசில் ஊதினாள்.

முதல் பாதி முழுக்கப் பந்தின் சத்தத்தைவிட வசவுதான் அதிகம் கேட்டது. அவள் எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“நம்ம ஆளா இருந்துக்கிட்டு நம்ம கழுத்தயே அறுக்கிறா பாரு!”

“அதுங்க தலையில துணி சுத்திக்கிட்டு ஆடலாம், எங்க புள்ள மூக்குத்தி போடக் கூடாதா?”

இது காதில் விழுந்ததும் பொந்தியான் குழுவின் பயிற்சியாளர் உபைத் திரும்பி முறைத்தார். பொந்தியானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் அவர். அவருடைய ஆட்டக்காரிகளிலும் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். “வாய அடக்கிப் பேசுங்க. துணியில இருந்த ஊக்கையும் அவங்க எடுக்கச் சொல்லிட்டாங்க” என்றார். அதற்கு அந்தப் பக்கம் கெட்ட வார்த்தையில் பதில் வந்தது. இந்தப் பக்கமும் நான்கைந்து பேர் எழுந்து நின்றார்கள்.

அந்தக் களேபரத்துக்கு நடுவில் பொந்தியான் ஒரு கோல் அடித்தது. ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்து வந்து கோட்டு நடுவர் ரஷிட்டின் காலடியில் விழுந்து வெடித்தது. ஷர்மினி ஆட்டத்தை நிறுத்தி நேரே தங்கராஜுவிடம் போனாள்.

“இன்னொரு போத்தல் வந்துச்சுன்னா ஆட்டம் இதோட முடிஞ்சுது. உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க.”

“என் ஆளுங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“யாரா இருந்தாலும் சொல்லிடுங்க.”

“நீ இந்த ஜொகூர்ல இனிமே எங்க விசில் ஊதுறன்னு நான் பாக்கறேன்” என்றார் தங்கராஜு. ஆனாலும் திரும்பிக் கையைத் தூக்கிக் கூட்டத்தை அமர்த்தினார்.

இடைவேளையில் லோஷினியைக் காணவில்லை. அவள் அம்மா கிருஷ்ணம்மா கூடாரம் கூடாரமாகத் தேடினாள். இரண்டாம் பாதிக்காக ஷர்மினி நடுக்கோட்டுக்கு வந்தபோது, கழிவறைப் பக்கமிருந்து லோஷினி நேராக அவளை நோக்கி நடந்து வந்தாள். பிளாஸ்டர் இல்லை. மூக்கின் ஓரத்திலிருந்து மேலுதடு வரை மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. கண்ணீர் காய்ந்த முகம்.

“கழட்டிட்டேன். போதுமா?” என்று கத்தினாள். உள்ளங்கையில் இருந்ததைப் புல்லில் விசிறி எறிந்தாள். “நீங்களே வச்சுக்குங்க!”

கூடாரத்தடியில் ஜெயபாலன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

ஷர்மினி சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினாள். கூட்டம் ஊளையிட்டது. “சிவப்பு குடுக்கணும் அதுக்கு” என்று ரூபேந்திரன் பின்னாலிருந்து சொன்னது அவளுக்குக் கேட்டது. அந்தப் பெண் தரையில் எறிந்தாளே தவிர, நடுவர் மேல் எறியவில்லை. அதற்கு மஞ்சள் போதும்.

அடுத்து ஷர்மினி செய்ததுதான் பிறகு பலருடைய கைப்பேசியில் காணொளியாகச் சுற்றியது. ஊசி போன்ற உலோகம் கிடக்கிற புல்லில் பிள்ளைகளை விழுந்து புரள விட முடியாது. அவள் முழங்காலிட்டுப் புல்லை விரலால் விலக்கித் தேட ஆரம்பித்தாள்.

“தேடு, தேடு! நல்லாத் தேடு!” என்று ஒருவன் கத்த, சிரிப்பு எழுந்தது. வேறொருவன் விசிலடித்தான். ரஷிட் கொடியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவளோடு குனிந்தார். பொந்தியான் பெண்களில் இரண்டு பேர் வந்தார்கள். ஜெயபாலனும் வந்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு, அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் மண்டியிட்டார்.

“இது என்ன கல்லுன்னு தெரியுமா உனக்கு?” என்றார், அவளைப் பார்க்காமலே.

“தெரியாது சார்.”

“என் மருமகளுக்கு நான் போட்டது. அத மண்ணுல போட வச்சிட்ட.”

“நான் கழட்டத்தான் சொன்னேன் சார். போடச் சொல்லல.”

“வாயப் பாரு. யாரு பெத்த புள்ள நீ?”

ஷர்மினி தலை நிமிராமல் அடுத்த பிடிப் புல்லை விலக்கினாள். வெயில் பிடரியில் இறங்கியது. நேற்று மழை பெய்த ஈரத்தில் முழங்கால் இரண்டும் சேறாகிவிட்டன.

கல் அவள் விரல்நுனியில்தான் தட்டுப்பட்டது. எடுத்துத் துடைத்து ஜெயபாலனிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. “அவங்க அம்மாகிட்ட குடு” என்று எழுந்து நின்று முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஓடி வந்த கிருஷ்ணம்மா அதைப் பறிப்பதுபோல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“திருகாணி இன்னும் கெடைக்கல. அதுவும் வேணும்” என்றாள் ஷர்மினி.

அதை ருமானா கண்டுபிடித்தாள். கொண்டுபோய் லோஷினியிடமே நீட்டினாள். லோஷினி அதை வாங்கி, நன்றி சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தாள்.

“இப்ப நான் எறங்கலாமா?” என்று கேட்டாள் ஷர்மினியிடம்.

“ரத்தம் வருது. நின்ன பிறகு வா.”

“என்னாது?”

“ரத்தம் வழியிற ஆட்டக்காரிய உள்ள விடக் கூடாது. அமுக்கிப் பிடி. நின்னதும் என்கிட்ட காட்டு.”

லோஷினி அவளை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகைகூட இல்லை. தங்கராஜு கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தார். ரஷிட்டும் உபைத்தும் ஆளுக்கொரு கையைப் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் அவர் ஷர்மினியை அடித்திருப்பார்.

“கழட்டுன்ன, கழட்டுனா. இப்ப ரத்தம்னு சொல்ற! வேணும்னே பண்றியா? எம் புள்ள உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?”

“அண்ணே, வெளிய போங்க. இல்லன்னா உங்களயும் அனுப்ப வேண்டி வரும்.”

“அலமாக், விடுங்கண்ணே, புள்ள பயப்படுது” என்று உபைத் அவரை இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் பாதி நகர்ந்தது. கோட்டோரத்தில் கிருஷ்ணம்மா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மகளின் மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தாள். பந்து வெளியே போகும்போதெல்லாம் லோஷினி எழுந்து முகத்தைக் காட்டுவாள். ஷர்மினி கிட்டே போய்ப் பார்ப்பாள். இல்லை என்று தலையசைப்பாள். ஒவ்வொரு தலையசைப்புக்கும் கூட்டம் ஒரு வசவை எறிந்தது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருக்கும்போதுதான் துணி வெள்ளையாக வந்தது. ஷர்மினி கையசைத்து உள்ளே அழைத்தாள்.

உள்ளே வந்தவள் பிய்த்துக்கொண்டு ஓடினாள். கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் பந்தில் கொட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பேரைத் தாண்டினாள். மூன்றாவதாக வந்தவளைத் தோளால் ஒதுக்கினாள். கோல்காவலரை மட்டும் பார்த்தபடி கோல் கம்பத்துக்கு முன்னால் இருந்த பினால்டி எல்லைக்குள் நுழைந்தபோது பின்னாலிருந்து ருமானா அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். லோஷினி முகம் குப்புற விழுந்தாள்.

ஷர்மினி விசில் ஊதிப் பினால்டிப் புள்ளியைக் காட்டினாள்.

இப்போது உபைத்தின் முறை. அதுவரை அவளுக்காகப் பரிந்து பேசிய மனிதர் கையிலிருந்த தண்ணீர் வாளியை உதைத்துத் தள்ளினார்.

“பயந்துட்டியா? அவங்க திட்டுனதும் பாவம் பாத்துக் குடுக்கிறியா? சட்டம் சட்டம்னு வாய் கிழிய பேசுனியே!”

“சட்டைய இழுத்துச்சு அண்ணே. நான் நேரா பாத்தேன்.”

“நீ ஒன்னும் பாக்கல. ஒனக்கு அவங்க ஆளுங்க தயவு வேணும்.”

லோஷினி எழுந்து மூக்கைத் தடவிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. அதைக் கையை விரித்து ஷர்மினியிடம் காட்டிவிட்டுப் பந்தைப் புள்ளியில் வைத்தாள். கோல்காவலர் வலப்பக்கம் பாய, பந்து இடப்பக்க வலையில் போய் உட்கார்ந்தது.

ஒன்றுக்கு ஒன்று. பிறகு மாறி மாறிப் பினால்டி உதைத்ததில் சாஆ குழு வென்றது. ஜெயித்தவர்களும் நடுவரைத் திட்டினார்கள், தோற்றவர்களும் திட்டினார்கள். ஷர்மினிக்குக் கை கொடுக்க வந்தவள் ருமானா ஒருத்திதான். அவளும் “நான் இழுக்கலக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள்.

குடும்பத்தின் சண்டை அதற்குப் பிறகுதான் நடந்தது. ஷர்மினி தன் மைவி காரின் பின்கதவைத் திறந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு வண்டி தள்ளி ஜெயபாலனின் கார் நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

“வாம்மா, ஓட்ட மூடறதுக்குள்ள போட்டுடலாம்” என்றாள் கிருஷ்ணம்மா. மூக்குத்தியை டெட்டோலில் கழுவிக் கையில் வைத்திருந்தாள்.

“வேணாம்மா.”

“என்னாது வேணாம்? மாமா நிக்கிறாரு பாரு.”

“நாளைக்கு பைனல் இருக்கு. இப்ப போட்டா நாளைக்கு மறுபடி கழட்டணும். மறுபடி ரத்தம் வரும். மறுபடி வெளிய உக்காரணும்.”

“அதுக்குள்ள மூடிக்கும்டி!”

“மூடட்டும்” என்றாள் லோஷினி.

தங்கராஜு மகளை அறையக் கையை ஓங்கினார். ஆனால் மச்சான் முன்னால் ஓங்கிய கை அப்படியே நின்றது. ஜெயபாலன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நேரமாச்சு. சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாம் ஆயிடும்” என்றார்.

“அண்ணே, சாப்புட்டுட்டுப் போலாம்ணே. ரெங்கத்துலயே கடை இருக்கு. அண்ணே...”

கார்க் கதவு சாத்திய சத்தம் கேட்டது. கிருஷ்ணம்மா காரின் பின்னாலேயே சில அடிகள் நடந்தாள். கார் செம்பனைத் தோட்டத்து வளைவில் திரும்பி மறைந்தது. அப்போதுதான் அவள் ஷர்மினி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பார்த்ததும் நேராக வந்தாள்.

“எட்டு வருஷம் கழிச்சு வந்தாரு எங்கண்ணன்.”

ஷர்மினி எழுந்து நின்றாள்.

“அம்மா இல்ல, அப்பா இல்ல எனக்கு. பொறந்த வீடுன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான். அந்த மூக்குத்திய வச்சுத்தான் திரும்பி வந்தாரு. இன்னைக்குப் போயிட்டாரு. பாத்தல்ல?”

“எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா.”

“தெரிஞ்சிருந்தா?”

பொய் சொல்லியிருக்கலாம். தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாள் அழுதுவிட்டுப் போயிருப்பாள். ஷர்மினிக்கு அந்தப் பொய் வரவில்லை.

“தெரிஞ்சிருந்தாலும் கழட்டத்தான் சொல்லியிருப்பேன்கா. என்ன மன்னிச்சிருங்க.”

கிருஷ்ணம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். சேறு காய்ந்த முழங்கால்களில் கொஞ்ச நேரம் அவள் கண் நின்றது.

“உனக்கும் அண்ணன் தம்பி இருப்பாங்க” என்றாள். “நல்லா இரு.” அவள் சொன்ன விதத்தில் அது சாபமாகத்தான் இருந்தது.

ரூபேந்திரன் வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்து செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார். “நாளைக்கு பைனல நான் எடுத்துக்கறேன். நீ வர வேணாம். ரெண்டு டீமும் உன்ன வேணாம்னு சொல்றாங்க.”

“பொந்தியான்தான் தோத்துடுச்சே சார். அவங்க எதுக்கு சொல்றாங்க?”

“வேணாம்னா வேணாம், விடுலா.”

தன் வீடு இருக்கும் கூலாய்க்குப் போகும் சாலையில் அவள் வண்டியை ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழலாமா என்று பார்த்தாள். வரவில்லை. பசித்தது.

மறுநாள் அவள் போகவில்லை. வீட்டிலிருந்த துணிகளைத் துவைத்தாள். கைப்பேசியில் அவள் புல்லில் தவழும் காணொளிக்கு யாரோ நாதஸ்வரம் சேர்த்து விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் அவள் குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருந்தார்கள். செனாய் நகரத் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்கிற ஒருத்திகூட அதை அனுப்பி, “இது நீயா?” என்று கேட்டிருந்தாள். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் ரஷிட் அழைத்தார். இறுதியாட்டத்திலும் அவர்தான் கோட்டு நடுவர். மலாயில் மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னார். சாஆ குழு தோற்றுவிட்டது. லோஷினி ஆட்டம் முழுக்க ஆடினாள். கோல் எதுவும் அடிக்கவில்லை. ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மாமா வரவில்லை போலிருக்கிறது. அப்பா மட்டும் ஓரமாக நின்றார், சத்தமே போடவில்லை.

“அந்தப் பொண்ணு மூக்கு எப்படி இருந்துச்சு?”

“ஒரு கரும்புள்ளி மட்டும். மூடிடுச்சுன்னு நெனைக்கிறேன்” என்றார் ரஷிட். “உன்னப் பத்திக் கேட்டுச்சு. நேத்து இருந்த அக்கா எங்கன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இன்னைக்கு வரலன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“நல்லதுன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு பூட்ஸ் கட்டப் போயிடுச்சு.”

ஷர்மினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. என்ன சிரிப்பு என்று ரஷிட் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அந்தப் பெண் இன்னும் தன்னை வெறுக்கிறாள் என்பது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. வெறுத்துக்கொண்டே வெறும் மூக்கோடு இறங்கி முழு ஆட்டமும் ஆடியிருக்கிறாள் என்பதும் புரிந்தது.